வரம்புக்குப் பன்னிரண்டு மடங்கு மேலே

எங்கள் ரிசீவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விசாரணை அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் அதற்குக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறது. "சம்பவ இடத்திலிருந்து வந்த அதிர்வு, கருவியின் உணர்திறன் வரம்புக்குக் கீழே இருந்துள்ளது" என்று சுத்தமான ஆபீஸ் தமிழில். அதன் அடியில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. ஒன்று எங்கள் நிலையத் தலைவர் ரகோத்தமனுடையது. மற்றது என்னுடையது. ஹெர்மினா, ரிசீவர் பொறியாளர்.

அந்த வாக்கியம் பொய். அன்றைக்குச் செத்துப்போன இரண்டு பேரில் ஒருவர் என் அண்ணன் தஸ்நேவிஸ்.

என் ஊர் சிப்பித்துறை. ஊருக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரில், கடலுக்கடியில் வரும் ஒளிக்கேபிள் கரையேறுகிற இடத்தில் எங்கள் நிலையம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது வெறும் பேச்சும் படமும் கடத்துகிற கேபிள்தான். 'கடற்செவி' என்ற திட்டம் வந்த பிறகு அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். கடலில் ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்களின் சத்தத்தைக் கேட்பது.

அதை ஊருக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்தேன். சேலையைச் சொருகிக்கொண்டு மைக் பிடித்து நின்றபோது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"ஏட்டி மினா, நாங்க கடல்ல பேசுறதெல்லாம் இதுக்குக் கேக்குமா?" என்று கேட்டவன் கஸ்மீர். அண்ணனின் படகில் போகிறவன். வாய் ஓயாதவன்.

"நீ பேசுறதக் கேட்டா மிஷினே காதப் பொத்திக்கிடும்ல" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது.

"பேச்சு கேக்காது. படகத் தட்டுனா கேக்கும்" என்றேன். "கேபிளுக்குள்ள லைட்டு ஓடிக்கிட்டே இருக்கு. தண்ணிக்குள்ள சத்தம் வந்தா கேபிள் மயிரிழை அளவு ஆடும். கேபிள் ஆடுனா லைட்டு ஒரு துளி முந்தும், ஒரு துளி பிந்தும். நம்ம ரிசீவருக்குள்ள அதே மாதிரி இன்னொரு லைட்டு எரியுது. வந்த லைட்டையும் இதையும் ஒண்ணாக் கலந்து பாத்தா அந்தத் துளி வித்தியாசம் தெரிஞ்சிரும்."

"முன்னாலயும் கேபிள் ஆடத்தான செஞ்சிருக்கும்?" என்றார் அண்ணன். படித்தது எட்டாவது. ஆனால் என் வகுப்பில் ஒருவர்கூடக் கேட்காத கேள்விகளை அவர்தான் கேட்பார்.

"ஆடத்தான் செஞ்சுது. அத அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுப் போட்டோம். இப்ப அந்த அழுக்கத்தான் படிக்கிறோம். ரிசீவரு அவ்வளவு நுணுக்கமா ஆயிட்டு. கேபிளுக்கு மூணு கிலோமீட்டர் அங்கிட்டு ஒரு ஆளு கட்டையால படகத் தட்டுனா இங்க சிவப்பு விளக்கு எரியும். போனு நனைஞ்சா செத்துரும். கட்டை நனைஞ்சாலும் தட்டும்."

எல்லோருக்கும் அந்தக் கடைசி வரி பிடித்துப் போயிற்று. எனக்கும்தான்.

முதல் நான்கு மாதத்தில் எழுபத்திரண்டு தடவை சிவப்பு விளக்கு எரிந்தது. உண்மையான ஆபத்து மூன்று. மீதி அறுபத்தொன்பதும் மீன்பிடித் தட்டு.

ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் கடலுக்கடியில் பவளப்பாறை இருக்கிறது. நாங்கள் அதைப் பார் என்போம். அதைச் சுற்றி அரை வட்டமாக வலையை விட்டு, எதிர்ப்பக்கம் படகை நிறுத்தி, கட்டையால் படகின் விளிம்பைத் தட்டுவார்கள். பாறை இடுக்கில் இருக்கிற மீன் மிரண்டு வலைப்பக்கம் ஓடும். 'தட தட தட், தட தட தட்' என்று எங்கள் ஊருக்கென்று ஒரு தாளம். இயந்திரத்துக்கு அது தெரியுமா? அதற்கு எல்லாத் தட்டும் ஒரே தட்டுதான். விளக்கு எரியும், மீட்புப் படகு பறக்கும். அங்கே போய்ப் பார்த்தால், மீன்பிடிக்கத் தடைசெய்யப்பட்ட பகுதியில் நம் ஆட்கள் வலையும் கையுமாக நிற்பார்கள். காப்பாற்ற வந்தவர்கள் வழக்கு எழுதிவிட்டுப் போவார்கள். பதினான்கு படகுகளைப் பிடித்துத் துறைமுகத்தில் கட்டிப் போட்டார்கள்.

ஊரில் எனக்குக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் வந்தது. அம்மா பூசைக்குப் போனால் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. நிலையத்திலும் நல்ல பெயர் இல்லை. "இல்லாத ஆபத்தை இருக்குன்னு அறுபத்தொன்பது தடவை சொல்லியிருக்கோம், ஹெர்மினா. எழுபதாவது தடவை மீட்புப் படகுக்காரங்க மெதுவாத்தான் கிளம்புவாங்க" என்றார் ரகோத்தமன் சார். சென்னைக்காரர், நிதானமானவர். அவர் சொன்னது நியாயம்தான்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது பொழுது சாயும் நேரம். அண்ணன் மனைவி ப்ளோரா மைனி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"மீன் தட்ட மட்டும் அது கேக்காத மாதிரி செய்ய முடியுமா பிள்ள?"

"வரம்ப ஏத்தி வைக்கலாம்ண்ணே. வாசப்படிய ஒசத்துத மாதிரி. ஆனா மீன் தட்டு ஏற முடியாத படிய, கையி ஓஞ்சு போயித் தட்டுத ஆளும் ஏற முடியாது."

"படிய ஒசத்தச் சொல்லல. ஆளப் பாத்து விடச் சொல்லுதேன். மீன் தட்டு எதுன்னு அதுக்குச் சொல்லிக் குடு. தெரிஞ்சா விட்டுரும்லா?"

"பாருல மீன் புடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லாண்ணே."

"பார ஒடைக்கிறவன் பெரிய மடி வலையப் போட்டு இழுக்கிறவன். அவன் தட்டுறதே இல்ல, அதனால ஒன் மிஷினுக்கு அவன் நல்லவன். நாங்க கட்டையால தட்டுதோம், நாங்க கள்ளனுவோ. இதான ஒன் நுணுக்கம்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி வசதி. எனக்கும் அந்தப் பாதி வசதியாகத்தான் இருந்தது. அம்மா பக்கத்தில் மறுபடி நாலு பேர் உட்கார வேண்டும் என்று ஆசை.

மைனி கையிலிருந்த சப்பாத்திக் கட்டையை அண்ணன் வாங்கிக்கொண்டார். வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகு ஒன்றின் முன்னால் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். ஊரிலேயே நல்ல தட்டு அவருடையதுதான். நான் பதிவு செய்தேன். பத்து நிமிடம், நிறுத்தாமல். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அது முடிந்ததும் ஒன்று கேட்டேன். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

"அண்ணே, இன்னொண்ணு வேணும். ஆபத்துல இருந்தா எப்படித் தட்டுவியோ, அப்படிக் கொஞ்சம் தட்டு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்குதான்னு சோதிக்கணும்."

அண்ணன் கட்டையைத் தூக்கினார். மைனி வேகமாக வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"செபமால சொல்லுத நேரத்துல என்ன பேச்சு இது? கடலுக்குப் போற மனுசன், கவுந்து கெடக்க படகுல இருந்து சாகப்போற மாதிரி தட்டிக் காட்டவா? நல்லாருக்குட்டி ஒன் படிப்பு!"

"அவ சோதனைக்குக் கேக்கா" என்று அண்ணன் சிரித்தார்.

"ஒரு சோதனையும் வேண்டாம். மாதா காப்பாத்துவா."

நான் வற்புறுத்தவில்லை. ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அண்ணன் தட்டியிருப்பார். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அது வேண்டாம் என்றுதான் இருந்தது. அவர் கவிழ்ந்த படகின் முன்னால் கட்டையைத் தூக்கியதைப் பார்த்தபோதே கண்ணைத் திருப்பிக்கொண்டேன். ஆறு வருஷம் பொறியியல் படித்தவள் என்று பெயர், அபசகுனம் என்றதும் வாயை மூடிக்கொண்டேன். மைனி சப்பாத்தி போட்டார், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் உழைத்தேன். அண்ணனின் பத்து நிமிடத் தட்டை இயந்திரத்துக்கு ஊட்டினேன். ஒரே மாதிரி ஊட்டினால் ஒரே மாதிரிதான் கற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் மரப்படகில் அந்தத் தட்டு எப்படிக் கேட்கும், பைபர் படகில் எப்படி, தண்ணீர் ஏறிய படகில் எப்படி, காற்று நாளில் எப்படி, கேபிளுக்குப் பக்கத்தில் எப்படி, தூரத்தில் எப்படி என்று கணக்குப் போட்டு நாற்பதாயிரம் மாதிரிகள் செய்து கொடுத்தேன். எதையும் விடவில்லை என்று நினைத்தேன். பிறகு மற்றவர்களின் பழைய மீன்பிடித் தட்டுகளைப் போட்டுச் சோதித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைச் சரியாகக் கழித்துத் தள்ளியது.

அடுத்த இரண்டு மாதத்தில் பொய் எச்சரிக்கை ஒன்றே ஒன்று. ரகோத்தமன் சாருக்கு நம்ப முடியவில்லை.

"எப்படிம்மா செஞ்சீங்க?"

"ஊர் அறிவு, சார்."

"ரிசீவருக்குள்ள இருக்கிற லேசருக்கு லோக்கல்னுதான் பேரு. வெளியே இருந்து வர்ற வெளிச்சம் அது இல்லாம புரியாது. எங்களுக்கு லோக்கல் நீங்கதான்" என்று சிரித்தார். மேலிடத்துக்குப் பாராட்டி எழுதினார். ஊரில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வந்தது. அண்ணன் இரண்டு கிலோ விளமீன் கொடுத்தனுப்பினார். எங்கே பிடித்தது என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வாடைக்காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் கடலுக்குப் போகாதே என்று சொல்லும்படி இல்லை. அண்ணன், கஸ்மீர், லெயோன் மூன்று பேரும் பாருக்குப் போனார்கள். லெயோன் எங்கள் பெரியம்மா மகளின் மகன், முறைக்கு நான் சித்தி என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்; இருபத்தாறு வயது, போன வருஷம்தான் கல்யாணமானவன். பதினோரு மணிக்கு ஒரு அலை பக்கவாட்டில் வந்து படகைக் கவிழ்த்தது. போனும் வயர்லெஸ்ஸும் தண்ணீருக்குள் போய்விட்டன. கஸ்மீருக்குத் தலையில் அடி. மூன்று பேரும் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிப் படுத்தார்கள்.

அன்றைக்குக் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை ரிசீவர் அறையில் டியூட்டி நான்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தயிர்சாதம் சாப்பிட்டேன். ஒரு மணிக்குக் கொஞ்சம் கண்ணை அசத்தியது, எழுந்து முகம் கழுவினேன். நான்கு மணிக்குப் பதிவேட்டில் "குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை" என்று எழுதி, அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பக்கத்து ஊர்ப் படகு ஒன்று அவர்களைக் கண்டது. படகின் முதுகில் லெயோன் மட்டும் உயிரோடு இருந்தான். கஸ்மீரின் உடலைத் தன்னோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தான். அண்ணனின் உடல் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியது.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் நிலையத்துக்குப் போனேன். எங்கள் இயந்திரம் கழித்துத் தள்ளுகிற சத்தங்களைத் தூக்கி எறிந்துவிடாது, ஒரு மாதம் தனியாக வைத்திருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திறந்தேன்.

காலை 11:20க்குத் தொடங்கியிருந்தது. மாலை 4:05 வரை, நடுநடுவே ஓய்வெடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வலிமை, எச்சரிக்கை வரம்புக்குப் பன்னிரண்டு மடங்கு மேலே. எங்கள் ரிசீவருக்கு அது காதுக்குப் பக்கத்தில் கத்துவதற்குச் சமம். ஒரு தட்டைக்கூட அது விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றுக்கும் 'மீன்பிடித் தட்டு' என்று பெயர் போட்டு ஒதுக்கியிருந்தது.

ஆனால் அது மீன்பிடித் தட்டே இல்லை. முதலில் மூன்று மூன்றாக, நன்றாக இடைவெளி விட்டுத் தட்டியிருக்கிறார். அப்புறம் ஐந்து ஐந்தாக. பிறகு நிறுத்தாமல் ஒரே சீராக. பிறகு தாளமே இல்லாமல், கதவை இடிப்பதுபோல். எதற்கு ஒதுக்கியது?

ஒரு இரவும் பகலும் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். நான் அதற்குத் தாளத்தைச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது தாளத்தையும் கற்றது, கையையும் கற்றது. நாற்பதாயிரம் மாதிரிகளில் படகை மாற்றினேன், காற்றை மாற்றினேன், தூரத்தை மாற்றினேன். கை மட்டும் எல்லாவற்றிலும் அண்ணனுடையது. கட்டை விழுந்து எழும்போது கடைசியில் மணிக்கட்டு சின்னதாக ஒரு வெட்டு வெட்டும். அது அவருடைய பழக்கம். அந்த வெட்டு இருந்தால் போதும், எந்தத் தாளமாக இருந்தாலும் மீன்தான் என்று முடிவு கட்டியிருந்தது. உலகத்தில் ஒரே ஒரு மனிதரின் தட்டை மட்டும் கேட்காமல் விடுகிற கருவியை நான் செய்திருந்தேன்.

இரண்டு மணி சுமாருக்கு ஒரு பத்து நிமிடம் வேறு மாதிரி இருந்தது. வலது கை ஓய்ந்து இடது கைக்கு மாறியிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் இயந்திரம் தடுமாறியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தொடர்ந்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும். இடது கைக்கு வலு போதவில்லை போலிருக்கிறது, மறுபடி வலது கைக்கு மாற்றிவிட்டார்.

அன்று வீட்டு வாசலில் அவர் ஒரு நிமிடம் ஆபத்துத் தட்டு தட்டிக் காட்டியிருந்தால், மறுநாளே இது எனக்குத் தெரிந்திருக்கும்.

பழைய பதிவுகளில் லெயோனின் மீன்பிடித் தட்டு இருந்தது. அதன் தாளத்தைக் கலைத்து, அந்தச் செவ்வாய்க்கிழமைக் கடலின் இரைச்சலோடு சேர்த்து, அதே இடத்திலிருந்து வருவதுபோல் ரிசீவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மூன்றாவது தட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

மறுநாள் லெயோனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உப்புத் தண்ணீரில் உதடு வெடித்து, ஆள் பாதியாகியிருந்தான். அவன் மனைவி காப்பி வாங்கப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மினாக்கா, மாமா மீன் தட்டு தட்டல. 'அது மினா கேக்காம வச்சிருக்கா, வேற மாதிரிதான் தட்டணும்'னு வெவரமாத்தான் தட்டுனாரு. மாத்தி மாத்தித் தட்டுனாரு."

"தெரியும்ல."

"நான் தட்டுதேன் மாமா, நீரு கொஞ்சம் படுத்துக்கிடும்னேன். 'நீ கஸ்மீர விட்றாத, கட்டைய எங்கிட்ட விடு. எனக்குத்தான் கையி ஓடும். எந் தட்டு எந் தங்கச்சிக்குத் தெரியும்'னுட்டாரு. கட்டை கைய விட்டுப் போனப் பொறவும் கையால தட்டுனாரு. இருட்டுத நேரத்துல வழுக்கிப் போயிட்டாரு. நான் ஒரு தட்டுக்கூடத் தட்டலக்கா."

என் கையை இன்னும் இறுக்கினான்.

"நான் தட்டியிருந்தாக் கேட்டிருக்குமாக்கா?"

அவன் கண்ணைப் பார்த்தேன். இருபத்தாறு வயசு. இன்னும் ஐம்பது வருஷம் உயிரோடு இருக்க வேண்டியவன்.

"யாரு தட்டியிருந்தாலும் கேட்டிருக்காது லெயோன்" என்றேன். "பாருக்கு அந்தப் பக்கம் நம்ம ரிசீவருக்கு எட்டாது. தூரம் கூட. நாங்க பெருசாச் சொல்லிக்கிட்டோம், அவ்வளவுதான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டான். அந்த மூச்சுக்காக நான் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

மறு வாரம் விசாரணைக்கு அறிக்கை கேட்டார்கள். ரகோத்தமன் சார் என்னை உட்காரச் சொன்னார்.

"சிக்னல் எவ்வளவு இருந்தது, ஹெர்மினா?"

"வரம்புக்குக் கீழே, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கழிச்சுத் தள்ளினதெல்லாம் ஒரு மாசத்துல தானா அழிஞ்சிடும், இல்ல?"

"ஆமா, சார்."

"சரி. அப்படியே எழுதிடுவோம். உங்க அண்ணன் போயிட்டார். நீங்களும் போகணுமா என்ன?"

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் இரக்கப்பட்டார், தன்மேலும் இரக்கப்பட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். லெயோனுக்காகத்தான் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைனிக்காகவும் என்று சேர்த்துக்கொண்டேன். கட்டையைப் பிடுங்கிய கை அவருடையது, அது அவருக்குத் தெரிய வேண்டாமே என்று. எனக்காகவும்தான் என்பதைக் கடைசியில்தான் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கே மீன்பிடித் தட்டைக் கழிக்கிற நிரலை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டேன். பதிவு அழிவதற்கு முன் ஒரு பிரதியும் எடுத்து வைத்தேன்.

இரண்டு மாதம் போனது. சிவப்பு விளக்கு எரியவே இல்லை. நிரல் இல்லாதபோதும் பார்ப் பக்கமிருந்து மீன்பிடித் தட்டுகூட வரவில்லை. இரண்டு சாவு விழுந்த இடத்துக்கு ஒருத்தரும் போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க ஆறுதலாகவும் இருந்தது.

தை பிறந்து, மச்சாடோ என்பவரின் படகு பாருக்குப் போன இடத்தில் மோட்டார் நின்றுபோனது, போனும் வயர்லெஸ்ஸும் எடுக்கவில்லை. ஒன்றரை நாள் நாலு பேர் தண்ணீர் இல்லாமல் மிதந்தார்கள். ஒரு சரக்குக் கப்பல்காரன் தற்செயலாகப் பார்த்ததால் பிழைத்தார்கள். கரைக்கு வந்ததும் ஓடினேன். மச்சாடோ அண்ணாச்சி நாக்குத் தடித்து, பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, தட்டியிருக்கலாம்லா? ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தாக்கூட..."

அவர் என்னை வித்தியாசமாகப் பார்த்தார்.

"அங்கன தட்டி என்னம்மா பிரயோசனம்? பாருக்கு அந்தப் பக்கம் கேக்காதுன்னு நீதான சொன்னியாம். லெயோன் படகு படகாப் போயிச் சொன்னான். 'அங்க வச்சு ஏதும் ஆச்சுன்னா தட்டி உசுர விடாதீங்க, இருக்க தெம்பப் புடிச்சு வச்சுக்கிடுங்க. எங்க மாமா தட்டித்தான் செத்தாரு'ன்னு. இப்ப பாருல யாரு கட்டையத் தொடுதா? எல்லாரும் தூண்டிதான்."

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் அறுபது படகுகள். ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நான்கு பேர். என் ஒரு மூச்சுப் பொய், ஒருவனைத் தூங்க வைத்துவிட்டு, அத்தனை பேரின் கையையும் கட்டிப் போட்டிருந்தது. முதல் தடவை இயந்திரத்தைக் கெடுத்தேன். இரண்டாவது தடவை ஆட்களைக் கெடுத்தேன். இயந்திரத்தை ஒரு நாளில் சரிசெய்துவிட்டேன்.

அன்று மத்தியானமே லெயோன் வீட்டுக்குப் போனேன். சட்டை இல்லாமல் வாசலில் உட்கார்ந்து, படகின் பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். உடம்பு தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே குரல் கொடுத்தான்.

"ஏ, மினாக்கா வந்திருக்காவ. டீ போடு."

"டீ வேண்டாம்ல. ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரில நான் ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு மடங்கு, அண்ணனின் கை, நாற்பதாயிரம் மாதிரி, ஏழாம் பக்கம், என் கையெழுத்து. ஆபத்துத் தட்டை மைனி தடுத்ததையும், நான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சுரண்டினான்.

"அப்ப நான் தட்டியிருந்தா?"

"கேட்டிருக்கும்."

"எத்தன தட்டு?"

பேட்டரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மூணு."

உள்ளே அவன் மனைவி டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"ஒம் மேல ஒரு தப்பும் இல்ல லெயோன். கட்டைய அண்ணன் குடுக்கல. கஸ்மீர நீ விட்டிருக்க முடியாது. தப்பு எம் மேல. நாளைக்கு விசாரணைக்கு எழுதிக் குடுக்கப் போறேன். வேல போனாலும் சரி, உள்ள வச்சாலும் சரி."

"அது ஒங்க பாடு" என்றான். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இன்னும் கொஞ்ச நாளு நீங்க பொய்யே சொல்லியிருக்கலாம்க்கா. இப்பத்தான் நாலு நாளா மாத்திரை போடாமத் தூங்குதேன்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. பேட்டரியை ஓரமாகத் தள்ளி வைத்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து, பித்தானை மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி சரியாகப் போட்டான். அவன் மனைவி இரண்டு டம்ளரோடு வெளியே வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எங்க கெளம்பிட்டிய?"

"ப்ளோரா அத்தைட்ட மொதல்ல போவோம். அவுக அடுத்தவன் வாயில கேக்கக் கூடாது" என்றான் என்னிடம். "பொறவு கரைக்குப் போணும். விடியக்காலம் இருவது படகு பாருக்குப் போகுது. தட்டாதீங்கன்னு சொன்னவன் நான். தட்டுங்கன்னும் நான்தான் சொல்லணும்."

அவன் முன்னால் நடந்தான். மைனி வீட்டுக்கு அங்கிருந்து பதினெட்டு வீடு. நான் அவன் பின்னால் போனேன்.